"90 நாளில் ஹார்மோன் சமநிலை" என்று சொல்லி என் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது." அதற்குக் கீழே ஒரு பூப்படம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால், போனது போகட்டும் என்று இருந்துவிடுவேன். போனது என் இரண்டு மாதச் சம்பளம். அம்மாவின் பல் சிகிச்சைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம்.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெண்களுக்கு மட்டும் என்று இணையத்தில் நடக்கும் ஒரு நலவாழ்வுத் தளம். உணவாலும் வாழ்க்கை முறையாலும் ஹார்மோனைச் சீராக்குவதாகச் சொல்வார்கள். தனி ஆலோசகர், தனி உணவு அட்டவணை, மாதம் ஒரு டப்பா பொடி, கைப்பேசியில் ஒரு குழு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இப்படிப் பல தளங்கள் இருக்கின்றன. என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு 37 வயது. ஆறு ஆண்டுகளாகத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்ஸின் மாத்திரை. அது சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடந்த ஓராண்டாக வேலைச் சுமை, நள்ளிரவு தாண்டிய தூக்கம், முன்னும் பின்னும் தள்ளிப்போகும் மாதவிடாய், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மாத்திரை அளவு சரியாக இருக்கிறது அம்மா, தூக்கத்தைக் கவனியுங்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவரிடம் எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். இந்தத் தளத்தின் ஆலோசகர் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது அங்கேதான். காணொளி அழைப்பு. "அக்கா என்றே கூப்பிடு" என்றார். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், நடுவில் எத்தனை முறை விழிக்கிறாய், வீட்டு வேலையில் யார் கைகொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முடி கொட்டுவதைச் சொன்னதும், "காட்டு, பார்க்கிறேன்" என்றார். எழுந்து போய்ச் சீப்பை எடுத்து வந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இத்தனை நாளும் ஒருத்தியாகவே சுமந்துவிட்டாயே தங்கம். இனி அக்கா பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். சீப்பு இன்னும் என் கையில் இருந்தது.

கட்டணத்தைச் சொன்னது அதற்குப் பிறகுதான். என் இரண்டு மாதச் சம்பளம். அன்று நள்ளிரவுக்குள் கட்டினால் இந்தத் தொகை, மறுநாள் இதைவிட அதிகம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேனே அக்கா?" "அதை நிறுத்தச் சொல்லவே மாட்டோம். கூடவே சாப்பிடலாம், இது எல்லாம் இயற்கை" என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இவர் நிறுத்தாதே என்றாரே, நேர்மையானவர்தான் என்று நினைத்தேன். "கூடவே" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கேடு வந்தது.

இரண்டாம் அழைப்பில், எனக்கு இருப்பது "அட்ரினல் சோர்வு" என்றார். அதற்கென்று எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. 20 கேள்விகளுக்கு நான் கொடுத்த மதிப்பெண்தான் ஆதாரம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி உண்மையாகவே வேலை செய்யாமல் போகும் நோய் உண்டு. அடிசன் நோய் அப்படிப்பட்டது, உயிருக்கே ஆபத்தானது, இரத்தப் பரிசோதனையில் தெரியும். ஆனால் "அட்ரினல் சோர்வு" என்ற நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நான் அதைப் படித்தது பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து.

அட்டவணை வந்தது. 14 பக்கம், முதல் பக்கத்தில் என் பெயர். தானியம் கூடாது, பால் கூடாது, பழம் மாலைக்கு மேல் கூடாது. மாதவிடாயின் முதல் பாதியில் இரண்டு வகை விதை, பின்பாதியில் வேறு இரண்டு வகை விதை. ஒன்பதாம் பக்கத்தில், "உங்கள் மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குவதால்" என்று ஒரு வரி. அதே வரியில் வேறொரு பெண்ணின் பெயர். எனக்கென்றே தயாரித்தது என்று சொல்லிக் கொடுத்த அட்டவணையில் என்னுடையது என்று இருந்தது முதல் பக்கத்துப் பெயர் மட்டுமே. அதைச் சுட்டிக்காட்டியபோது, "தட்டச்சுப் பிழை தங்கம், உள்ளடக்கம் உனக்குப் பொருந்தும்" என்றார். அப்போதே விலகியிருக்க வேண்டும். கட்டிய பணம் என் கையைக் கட்டிப்போட்டது.

குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிசிஓஎஸ், அதாவது மாதவிடாயைக் குழப்பும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. அவர்களுக்கும் இதே விதை, இதே பொடி. பிசிஓஎஸ் பற்றி 2023இல் ஒரு சர்வதேச மருத்துவ வழிகாட்டி வந்திருக்கிறது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியது. ஒரு உணவு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று காட்ட ஆதாரம் இல்லை, தொடர்ந்து கடைப்பிடிக்கக்கூடிய எந்தச் சத்தான உணவும் சரி என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுச்சேர்க்கும் பயிற்சி. அந்த வழிகாட்டியை இணையத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது, அது சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது. உழைக்கும் தசை இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் நடைக்கு அங்கே உண்மையான பயன் உண்டு. வாழ்க்கை முறையால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பயன் இருப்பதால்தான் அதைக் காட்டி இவர்களால் விற்க முடிகிறது.

இனி அந்தப் பொடி. காலையில் எழுந்ததும் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி. அக்கா சொன்னபடி காலை மாத்திரையையும் அந்தப் பொடி கரைத்த தண்ணீரிலேயே விழுங்கினேன். நான்காம் நாள் குழுவில், "இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறது" என்று பேசி ஒரு சிறு காணொளி போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து சோர்வு கூடியது. மலச்சிக்கல் வந்தது, கை கால் சில்லிட்டது, முகம் ஊதியது. ஆறாம் வாரம் வந்த மாதவிடாய் ஒன்பது நாள் நிற்கவில்லை. எழுதினேன். "நச்சு வெளியேறுகிறது தங்கம், நல்ல அறிகுறி." இன்னொரு முறை எழுதினேன். "அட்டவணையை நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கிறாயா என்று உன்னையே கேட்டுப்பார்." மூன்றாம் முறை எழுதியபோது அக்கா விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஒருவர், "மன அழுத்தத்தைக் குறையுங்கள் மேடம்" என்றார்.

ஏழாம் வாரம் என் பழைய மருத்துவரிடம் போனேன். அன்று காலையும் பொடியைக் குடித்துவிட்டுத்தான் இரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும், குறைந்தால் இது கூடும். எனக்கு அது 0.3 என்று குறைவாக வந்தது. அப்படியென்றால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகம், மாத்திரையைக் குறைக்க வேண்டும். மருத்துவர் சீட்டில் எழுதப் போனவர் பேனாவை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி 58. விரல்கள் குளிர்ந்திருந்தன. "தாள் ஒன்று சொல்கிறது, உங்கள் கை வேறொன்று சொல்கிறதே அம்மா. முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

டப்பாவைப் படமெடுத்து அனுப்பினேன். பின்பக்கத்தில், கடுகு அளவு எழுத்தில், ஒரு கரண்டிக்குப் பயோட்டின் (முடிக்கென்று விற்கும் ஒரு வைட்டமின்) 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குப் போதுமென்று சொல்லப்படும் அளவு 30 மைக்ரோகிராம். நான் இரண்டு கரண்டி குடித்துக்கொண்டிருந்தேன். பயோட்டின் இவ்வளவு உடம்பில் இருந்தால் சில வகைப் பரிசோதனைக் கருவிகள் ஏமாந்துவிடும் என்றார். டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனை பயோட்டினால் பொய்யாகக் குறைவாக வந்து ஒருவர் இறந்ததாகவும் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது.

பொடியை நிறுத்தி ஐந்து நாள் கழித்து மறுபடியும் பார்த்தோம். டிஎஸ்எச் 9.8. தைராய்டு ஹார்மோன் எனக்கு அதிகமாக இல்லை, நன்றாகவே குறைந்திருந்தது. காரணமும் அதே லேபிளில் இருந்தது: கால்சியமும் இரும்பும். இவை இரண்டும் லெவோதைராக்ஸினோடு குடலிலேயே சேர்ந்து அதை உடம்பு ஏற்கவிடாமல் செய்துவிடும். நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். நான் ஒரே மடக்கில் விழுங்கினேன். ஏழு வாரம் என் மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுத்ததும் அந்த டப்பாதான், அது பரிசோதனையில் தெரியாமல் மறைத்ததும் அந்த டப்பாதான். மருத்துவர் தாளை மட்டும் பார்த்து மாத்திரையையும் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இதற்காகத்தான் என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினேன்.

இரண்டு அறிக்கைகளையும் லேபிளையும் சேர்த்துத் தளத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: "உங்கள் உணர்வை மதிக்கிறோம்." இரண்டாவது: "நாங்கள் மருத்துவ ஆலோசனை வழங்குவதில்லை, நிபந்தனைகள் பக்கத்தைப் பார்க்கவும்." மூன்றாவது: "பணம் கட்டிய 7 நாட்களுக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும்." பொடி என் கைக்கு வந்ததே ஒன்பதாம் நாள்! அக்காவின் எண்ணுக்கு நேரடியாக எழுதினேன். செய்தி போய்ச் சேர்ந்தது, படித்ததற்கான அடையாளமும் வந்தது, பதில் இல்லை. அன்று இரவே குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் என் தோழி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "இது நீதானே?" என்று கேட்டாள். நான்காம் நாள் குழுவில் பேசிய அந்தக் காணொளி. என் முகம், என் குரல், கீழே "90 நாள் முடித்த சகோதரி" என்று எழுத்து. எடுத்துவிடும்படி மூன்று முறை எழுதிவிட்டேன். நேற்று வந்த பூப்படம் அதற்கான பதில்தான். இதை எழுதும் இந்த நிமிடமும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களில் யாராவது பார்த்தால், நம்பாதீர்கள். அந்தப் பெண் அன்று சொன்னது உண்மை, அவர்கள் அதற்குக் கீழே எழுதியிருப்பது பொய்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், கை ஓயவில்லை, ஆனால் நேரமாகிவிட்டது. அவசரத்துக்கு இவற்றை மட்டுமாவது பாருங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் தண்ணீரில் விழுங்குங்கள், எந்தப் பொடியும் சத்து மாத்திரையும் அதோடு வேண்டாம். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் எதிலும் பயோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லுங்கள், தைராய்டு பரிசோதனை என்றால் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் இருந்தாலோ அளவுக்கு மீறிப் போனாலோ விதையோடும் அட்டவணையோடும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்று நள்ளிரவுக்குள் என்று யார் சொன்னாலும் அன்று கட்டாதீர்கள். குழுவில் முகம் காட்டிப் பேசாதீர்கள்.

மாத்திரை அளவை மாற்றவில்லை, வெறும் தண்ணீரில் விழுங்குகிறேன். 11 மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். மறுபரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. என் இரண்டு மாதச் சம்பளம் குறித்து வங்கியில் முறையீடு கொடுத்திருக்கிறேன், டப்பாவையும் 14 பக்க அட்டவணையையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் பெயர் இருந்த அந்தச் சகோதரி இதைப் படிக்க நேர்ந்தால், நீங்களும் அந்தப் பொடியைக் குடித்தவராக இருந்தால், தயவுசெய்து ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.