ஸ்பூலர் ரேமைத் தின்கிறது: ராத்திரி ரீஸ்டார்ட்டா, டிரைவர் ஐசொலேஷனா?

விண்டோஸ் பிரிண்ட் சர்வரில் ஸ்பூலர் சர்வீஸ் (பிரிண்ட் ஜாப்களை வாங்கி வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் நிரல்) பிடிக்கும் மெமரி நாளாக நாளாக ஊதிக்கொண்டே போனால் நடைமுறையில் இரண்டு வழி உண்டு. தினமும் ராத்திரி ஸ்பூலரை நிறுத்தி எழுப்பும் ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்று. டிரைவர் ஐசொலேஷன், அதாவது பிரிண்டர் டிரைவரை ஸ்பூலருக்கு வெளியே தனி பிராசஸில் ஓட்டுவது, இன்னொன்று. ரேமைக் கூட்டுவதை இதில் சேர்க்கவில்லை. கசிவு (பிடித்த மெமரியைத் திருப்பித் தராமல் இருப்பது) இருக்கும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அது கொஞ்ச நாளைக்குத்தான். எங்கள் தேர்வு ஐசொலேஷன். ரீஸ்டார்ட்டை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

எதைத் தேர்ந்தாலும், நடப்பது கசிவுதானா என்று முதலில் பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் ஸ்பூலருக்கு எதிரே 'கமிட் சைஸ்' (அது பிடித்துவைத்த மெமரி அளவு) என்ற நெடுவரிசையைச் சேர்த்துக் கவனியுங்கள். கியூ காலியான பிறகும் அளவு இறங்காமல், அடுத்த நாள் அதற்கு மேல் ஏறினால் கசிவு. பெரிய ஜாப் வரும்போது மட்டும் ஏறி இறங்கினால் அது ரெண்டரிங் சுமை, அதாவது பக்கத்தை அச்சுக்கான படமாக மாற்றும் வேலை. ஏ4 கலர் பக்கம் ஒன்றை 600 டிபிஐயில், நான்கு நிறத்துக்கும் முழு பைட் வைத்து, அமுக்காமல் விரித்தால் ஏறக்குறைய 139 எம்பி. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் ஷேரிங் டேபில் 'கிளையண்ட் கம்ப்யூட்டரில் ரெண்டர் செய்' என்ற டிக் எடுக்கப்பட்டிருந்தால் இந்த வேலை முழுக்க சர்வர் தலையில் விழும். அட்வான்ஸ்டு டேபில் 'அச்சடித்த டாகுமெண்டை வைத்திரு' டிக் இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். முடிந்த ஜாப்கள் ஆயிரக்கணக்கில் கியூவிலேயே தங்கியிருக்கும்.

ரீஸ்டார்ட்டின் நன்மை வெளிப்படை: ஐந்து நிமிட வேலை, எந்த டிரைவரோடும் மோதாது. கியூவில் காத்திருக்கும் ஜாப்கள் டிஸ்க்கில் இருப்பதால் அழியாது. ஆனால் பாதியில் ஓடிக்கொண்டிருந்த ஜாப் மறுபடி முதல் பக்கத்திலிருந்து வரும். ராத்திரி ஷிப்டில் நீண்ட ரிப்போர்ட் அடிக்கும் இடத்தில் காகிதம் இரட்டிப்பாகும். கசிவு வேகமாக இருந்தால் ராத்திரி வரை சர்வர் தாங்காது. எந்த டிரைவர் குற்றவாளி என்பதும் கடைசிவரை தெரியாது.

முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கடைசி விஷயம்தான்: மெமரி யார் பெயரில் இருக்கிறது? ஐசொலேஷன் இல்லாவிட்டால் எல்லா டிரைவரும் ஸ்பூலர் பிராசஸுக்குள்ளேயே ஓடும். ஒன்று கசிந்தாலும் கணக்கு ஸ்பூலர் பெயரில். ஒன்று விழுந்தால் எல்லா கியூவும் விழும். சர்வர் 2008 ஆர்2 முதல் டிரைவரைத் தனி ஹோஸ்ட் பிராசஸில் ஓட்டலாம். அந்த ஹோஸ்டை விண்டோஸே அவ்வப்போது மூடிப் புதிதாகத் திறக்கும். பிராசஸ் மூடினால் அது பிடித்திருந்த மெமரி முழுதும் திரும்பி வந்துவிடும், ஸ்பூலர் நிற்காமலே.

செய்முறை: பிரிண்ட் மேனேஜ்மெண்ட் கன்சோலில் டிரைவர்ஸ் பட்டியலைத் திறந்து, சந்தேகமான டிரைவரை ரைட் கிளிக் செய்து, செட் டிரைவர் ஐசொலேஷனில் 'ஐசொலேட்டட்' கொடுங்கள். மற்றவை 'ஷேர்டு' (எல்லாம் ஒரே பொது ஹோஸ்டில்). பிறகு ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி எந்த ஹோஸ்ட் பிராசஸ் ஊதுகிறதோ அதுதான் ஆள். தனித்து விட்ட டிரைவர் என்றால் பெயரோடு சிக்கிவிடும்; ஷேர்டு ஹோஸ்ட் ஊதினால் அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தனியாக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஐசொலேட்டட் ஆக்க வேண்டாம். டிரைவருக்கு ஒரு பிராசஸ் என்றால் அந்தச் சுமையே தனி.

சில பழைய டிரைவர்கள் ஐசொலேஷனில் முரண்டு பிடிக்கும். பிராப்பர்ட்டீஸ் விண்டோ திறக்காது, அல்லது ட்ரே, டூப்ளெக்ஸ் செட்டிங் சேவ் ஆகாது. டிரைவரை 'நன்' (ஐசொலேஷன் இல்லாத) நிலைக்குத் திருப்பி, பிரிண்டர் கம்பெனியின் புதிய டிரைவரைத் தேடுவதே வழி.

இன்னொரு எல்லையும் உண்டு. பிரிண்ட் பிராசஸர் (ஜாப்பை அச்சுக்குத் தயார்செய்வது), போர்ட் மானிட்டர் (பிரிண்டருக்கு டேட்டா அனுப்புவது), லாங்குவேஜ் மானிட்டர் (பிரிண்டரோடு இருவழியில் பேசுவது) மூன்றும் ஐசொலேஷனுக்குள் வராது. ஹோஸ்ட்கள் ஒழுங்காக இருந்தும் ஸ்பூலரே ஊதினால் இங்கே பாருங்கள்: பிரிண்ட் பிராசஸரை விண்டோஸோடு வரும் வின்பிரிண்ட்டுக்கு மாற்றுங்கள், போர்ட்ஸ் டேபில் பைடைரக்ஷனல் சப்போர்ட்டை எடுங்கள் (டோனர் அளவு, ட்ரே நிலை தெரியாமல் போகலாம்), டபிள்யூஎஸ்டி போர்ட் (நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் வகை) இருந்தால் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டாக்குங்கள். ஒவ்வொன்றாக மாற்றி, இடையில் ஒரு முழு வேலைநாள் விடுங்கள்.

ஒரே கம்பெனி பிரிண்டர்கள், ஒரே யுனிவர்சல் டிரைவர் என்றிருக்கும் சிறிய அலுவலகத்தில், ராத்திரி யாரும் அச்சடிப்பதில்லை என்றால் ரீஸ்டார்ட் டாஸ்க்கே போதும். பல கம்பெனி டிரைவர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்த சர்வரில், பட்டியலைக் குறைக்காமல் ஐசொலேஷன் மட்டும் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தந்த இடத்தில் அளந்துதான் பார்க்க வேண்டும்.