பூட்டி வைப்பதா, வாங்காமலே இருப்பதா?

குழந்தையின் எடை கூடுகிறது என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, தின்பண்ட டப்பா மேல் அலமாரிக்கு ஏறுவதுதான். "உனக்குக் கூடாது" என்று தடுப்பது ஒரு வழி. அந்த டப்பாவே வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் குழந்தைக்குச் சிப்ஸ் கிடைப்பதில்லை. ஆனால் அதன் மனதில் நடப்பது வேறு வேறு.

முதல் வழியில் பண்டம் கண்ணில் படுகிறது, கைக்கு எட்டவில்லை. 1999இல் ஆய்வாளர்கள் ஜெனிஃபர் ஃபிஷரும் லியான் பர்ச்சும் சின்னக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். தடுத்து வைத்த பண்டத்தைப் பற்றித்தான் குழந்தைகள் அதிகம் பேசினார்கள், அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதோடு "காய்கறியை முடி, பிஸ்கட் தருகிறேன்" என்பதும் சேர்ந்துவிட்டால் காய்கறி தண்டனையாகிவிடும், பிஸ்கட் பரிசாகிவிடும். அண்ணன் சாப்பிடலாம், தம்பிக்குக் கூடாது என்ற வீடுகளை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அந்தப் பிள்ளை எடையைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றித்தான் ஏதோ புரிந்துகொள்கிறது.

வாங்காமல் இருப்பதில் அந்தச் சண்டை பெருமளவு குறைகிறது. கடையில் ஒரு தடவை முடிவெடுத்தால் போதும், வீட்டில் நாள் முழுக்க "வேண்டாம்" சொல்லத் தேவையில்லை. என்ன சமைப்பது, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும்; எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும் என்பார் உணவியல் நிபுணர் எலின் சாட்டர். குழந்தைக்கு அளவு தெரியுமா என்று கேட்கலாம். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், தட்டில் எவ்வளவு வைத்தாலும் 3 வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய அதே அளவுதான் சாப்பிட்டார்கள். 5 வயதுக் குழந்தைகளோ நிறைய வைத்தால் நிறையச் சாப்பிட்டார்கள். அதனால் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது நல்லது.

சரி, சேர்ந்து சாப்பிடுவதால் உண்மையிலேயே பலன் உண்டா? 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வாரத்துக்கு 3 தடவையாவது குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அதிக எடை இருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவு என்றது. அப்படிச் சேர்ந்து உட்கார முடிகிற குடும்பங்களுக்கு நேரமும் வசதியும் கூடுதலாக இருக்கலாம், அதையும் மறக்கக்கூடாது. அதனால் எனக்குப் பெரிதாகப் படுவது 2023இல் வெளியான பெர்லின் பரிசோதனைதான். பெற்றோரும் பிள்ளையும் வழக்கத்தைவிட 10 நிமிடம் கூடுதலாக மேசையில் இருந்தார்கள். அதே குடும்பம், அதே சாப்பாடு. பிள்ளைகள் பழமும் காய்கறியும் அதிகமாக எடுத்துக்கொண்டார்கள்; ரொட்டியோ இனிப்போ கூடவில்லை. பழங்கள் கடிக்க வசதியாகத் துண்டு போட்டு முன்னாலேயே இருந்தன.

இந்த வழியின் கஷ்டம், பெரியவர்களும் மாறியாக வேண்டும் என்பது. அப்பாவுக்கு மட்டும் குளிர்பானம் என்றால் மறுபடி முதல் வழிக்கே வந்துவிடுவோம்.

இரண்டில் நான் இரண்டாவது பக்கம்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் சர்க்கரை பானங்கள் வாங்குவதை நிறுத்துங்கள். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு வாரத்துக்கு மூன்று வேளை சேர்ந்து உட்காருங்கள். இரவில் முடியாதவர்களுக்குக் காலைச் சாப்பாடும் கணக்குதான்.