எப்காட் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சிக்கு ‘முன்வரிசைச் சீட்டு’ விற்கிறார்கள், வாங்காதீர்கள்

அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் நடத்தும் எப்காட் பூங்காவில் ஆண்டுக் கடைசியில் நடக்கும் கேண்டில்லைட் புரொசஷனல் இசை நிகழ்ச்சிக்கு முன்வரிசைச் சீட்டு என்று யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால், தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். அப்படி ஒரு சீட்டே கிடையாது. போன டிசம்பரில் நான் 380 டாலர் கொடுத்து நான்கு சீட்டு வாங்கினேன். பணம் போனதைக்கூட ஒருவாறு விழுங்கிவிட்டேன். எழுபத்தொரு வயது அம்மாவை வேலிக்கு வெளியே நிற்க வைத்துவிட்டேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மா பாளையங்கோட்டைக்காரர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியைப் பாடியவர். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. ஒத்திகை, அது முடிந்தால் கேரல் ரவுண்டு. தொண்டை கட்டிவிடக் கூடாது என்று அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். முதல் தடவையாக எங்களிடம் அட்லாண்டாவுக்கு வருகிறார், அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்தில் என்றதும், அவரை எங்கே அழைத்துப் போவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1958இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் தொடங்கியது. 1971இல் ஃபுளோரிடாவுக்கும் வந்தது. 1994 முதல் எப்காட்டில், ஏரிக்கரையை ஒட்டி, அமெரிக்காவைப் பற்றிய காட்சிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் திறந்தவெளி அரங்கில் நடக்கிறது. நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை பெரும்பாலும் இரவுக்கு மூன்று காட்சிகள். ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு, அதன் பின்னால் பெரிய பாடகர் குழு, நடுவில் பிரபலமான ஒருவர் நின்று இயேசு பிறந்த வரலாற்றை வாசிப்பார். ஒரு காட்சி முக்கால் மணி நேரம்தான். பூங்காவுக்குள் போக டிக்கெட் எடுத்த யாரும் தனிக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். கூட்டம் அலைமோதுவது அதனால்தான். நடிகர் நீல் பேட்ரிக் ஹாரிஸ் போன்றவர்கள் வாசிக்கும் நாட்களில் மணிக்கணக்கில் முன்னதாகவே வரிசை நீண்டுவிடும்.

வரிசையில் நிற்காமல் இடம் பிடிக்க முறையான வழி ஒன்று உண்டு. பூங்காவுக்குள் இருக்கும் சில உணவகங்களில் இந்த நிகழ்ச்சியோடு சேர்ந்த சாப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே சாப்பிட்டால் அன்றிரவுக் காட்சி ஒன்றுக்கு இருக்கை உறுதி. விலை கூடுதல்தான். ஆனாலும் அம்மாவின் முழங்காலை நினைத்து, அறுபது நாட்களுக்கு முன்பே கண்விழித்திருந்து நான்கு பேருக்கு முன்பதிவு செய்துவிட்டேன். உண்மையான இருக்கை என் கையில் இருந்தது. அதை நானே விட்டுவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் ஊர் இந்தியக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடிக்கடி பூங்கா டிக்கெட்டுகள் பற்றி எழுதுவார். தன்னைப் பயண ஏற்பாட்டாளர் என்று சொல்லிக்கொள்வார். எந்த மாதத்தில் கூட்டம் குறைவு, எங்கே தங்கலாம் என்று கேட்டால் பொறுமையாகப் பதில் தருவார். நான் சாப்பாட்டுத் திட்டம் எடுத்திருப்பதைச் சொன்னதும் தனியாக அழைத்தார். “அக்கா, வீணாகச் செலவு செய்கிறீர்கள். வயதானவர் எவ்வளவு சாப்பிட்டுவிடப் போகிறார்? என்னிடம் முகவர்களுக்கான ஒதுக்கீடு இருக்கிறது. ஆளுக்கு 95 டாலர். மேடைக்கு மூன்றாவது வரிசை. பத்து நிமிடம் முன்னால் போனால் போதும், வரிசையே கிடையாது” என்றார்.

மூன்றாவது வரிசை என்ற ஒரு சொல்லில் நான் விழுந்தேன். உணவக முன்பதிவை ரத்து செய்தேன். பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் ஸெல் மூலம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். கடன் அட்டையில் கட்டலாமா என்று கேட்டதற்கு, “அதற்குக் கமிஷன் பிடிப்பார்கள், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். என் நஷ்டத்தைப் பற்றி இவருக்கு என்ன இவ்வளவு கவலை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பிடிஎஃப் வந்தது. அரங்கின் படம், எங்கள் நான்கு பேரின் பெயர், ‘வரிசை 3, இருக்கை 11 முதல் 14 வரை’, கீழே ஒரு கியூஆர் குறியீடு. வண்ண மையில் அச்சடித்து, மடங்காமல் இருக்க மகனின் வீட்டுப்பாடக் கோப்பில் செருகி வைத்தேன்.

அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம் காரில். மறுநாள் அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவை கட்டி, மேலே என் கணவரின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆலயத்துக்குப் போவது போலவே தயாரானார். அந்த அரங்கு பூங்காவின் முன்வாசலிலிருந்து மிகத் தொலைவு. ஏரியைச் சுற்றிப் பாதிப் பாதை நடந்தாக வேண்டும். வழியில் மூன்று இடங்களில் உட்கார வைத்து உட்கார வைத்து அழைத்துப் போனோம். அவசரம் இல்லையே, வரிசை 3 காத்திருக்கிறதே என்ற நினைப்பு.

இரண்டாவது காட்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலை அடைந்தோம். அங்கே நின்ற ஊழியப் பெண்மணி தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “இதை யார் கொடுத்தார்கள்?” என்று அவர் மெதுவாகக் கேட்டபோதே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் தொலைபேசியை வாங்கி அந்தக் குறியீட்டை அதிலேயே படித்துக் காட்டினார். பூங்காவின் அன்றாட நிகழ்ச்சி நேரப் பக்கம் திறந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம். உள்ளே கையைக் காட்டினார். அங்கே இருப்பவை நீளப் பெஞ்சுகள். எண் பார்த்து உட்கார வைக்கும் வழக்கமே கிடையாது. மூன்றாவது வரிசையில் பதினொன்றாம் இருக்கை என்று ஒன்று இந்த அரங்கில் இல்லை என்றார்.

அவர் கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை. இலவச வரிசையில் வந்தவர்களை ஏற்கெனவே உள்ளே விட்டு அரங்கு நிரம்பிவிட்டது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, மன்னியுங்கள் என்றார். அந்த வரிசையிலாவது முன்னதாக வந்து நின்றிருந்தால் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கலாம். ‘பத்து நிமிடம் முன்னால் போனால் போதும்’ என்ற பேச்சு அந்த வழியையும் அடைத்துவிட்டது. பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அரங்கின் பின்பக்கம் நடைபாதைப் பக்கமாகத் திறந்திருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் அங்கே நின்று பார்க்கிறார்கள். நாங்களும் நின்றோம். எங்களுக்கு முன்னால் நான்கைந்து வரிசை ஆட்கள், எல்லோரும் நெட்டையானவர்கள், பாதிப் பேர் தலைக்கு மேல் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. எக்காளங்கள் முழங்கின, பாடகர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தோடு வரத் தொடங்கினார்கள், அம்மாவுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் ஒருவருடைய முதுகுப் பை. ஒன்பது வயது மகனைக் கணவர் தோளில் தூக்கிக்கொண்டார். அவன் மேலிருந்து குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: “பாட்டி, எல்லோரும் ஏறி நிற்கிறார்கள். பாட்டி, ஒருவர் பாட்டை எல்லாம் கையாலேயே சொல்கிறார், காது கேட்காதவர்களுக்காக.”

அம்மா பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். மேடையில் பாடுவதைத் தொடர்ந்து, மெல்லிய குரலில், தன் ஆல்டோவைப் பாடிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. கடைசிப் பாட்டுக்கு உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றபோது வெளியே இருந்தவர்களுக்கும் மேடை மறைந்துபோனது. அப்போதும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

மூன்றாவது காட்சிக்கு நிற்கலாமா என்று கேட்டேன். முழங்கால் வீங்கியிருந்தது. “விடு பிள்ளை, காதாரக் கேட்டுவிட்டேன், போதும்” என்றார்.

அன்றிரவே அந்த ஆளுக்கு எழுதினேன். முதலில் கணினிக் கோளாறு என்றார். பிறகு அரங்கு ஊழியருக்கு விவரம் தெரியாது என்றார். நான் ஊழியர் சொன்னதை அப்படியே எழுதியதும் என்னைத் தடை செய்துவிட்டார். குழுவில் எழுதினேன். இது இருவருக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரம் என்று நிர்வாகி என் பதிவை நீக்கினார். இருவருக்கு இடையிலானது இல்லை. என் பதிவு நீங்குவதற்குள் வேறு இரண்டு குடும்பங்கள் தாங்களும் பணம் கட்டியிருப்பதாக எனக்குத் தனியாக எழுதிவிட்டன. வங்கியில் கேட்டால், ஸெல் வழியாக நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் திரும்ப எடுத்துத் தர இயலாது என்றார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் கடன் அட்டைக் கணக்குப் பிழைகளுக்கான 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட அறுபது நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து ஆட்சேபித்திருக்கலாம். அட்டை வேண்டாம் என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் இணையப் பக்கத்தில் புகார் பதிந்திருக்கிறேன்.

அந்த ஊழியப் பெண்மணி சொன்னதில் ஒன்றை மட்டும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் திட்டத்தின் இருக்கை அனுமதியை உணவகத்தில்தான், அன்றைக்குச் சாப்பிட வந்தவர்களிடம்தான் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு வாரம் முன்னால் யாரிடமும் அது கையில் இருக்க வழியே இல்லை. எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் சரி, எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும் சரி, முன்கூட்டியே வருகிற தாள் பொய்த் தாள்.

அந்த உண்மையான அனுமதி கையில் இருந்தாலும் அது எண் போட்ட இருக்கை இல்லை. ஒதுக்கிய பகுதிக்குள் முதலில் வந்தவருக்கு முதல் இடம். அதற்கும் தனி வரிசை உண்டு. காட்சிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்வரைதான் உத்தரவாதம். அதன் பிறகு மீதி இடத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஆகவே சாப்பிட்டு முடித்ததும் கடை கடையாக நின்றுகொண்டிருக்காமல் நேராக அரங்குக்குப் போய்விடுங்கள், முக்கியமாகப் பெரியவர்களோடு போகிறவர்கள். உள்ளே போனதும் முதல் வரிசைக்கு ஓட வேண்டாம். பாடகர்கள் படிப்படியாக உயரத்தில் நிற்பதால் மிகக் கிட்டே உட்கார்ந்தால் கழுத்தை அண்ணாந்தே பார்க்க வேண்டும். நடுப்பகுதி நல்லது.

சாப்பாட்டுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் இலவச வரிசையிலேயே நில்லுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் வேலை நாளாகப் பார்த்துப் போங்கள், வாசிப்பவர் பெயரைப் பார்த்து மிகப் பிரபலமானவரின் நாளைத் தவிருங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. உட்கார வசதி இல்லாத இடத்தில் பெரியவர்களை நிற்க வைக்காமல், பூங்கா வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துவிடுங்கள். கௌரவம் பார்த்து நான் எடுக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நேற்று என் தோழி தன் ஊர்க் குழுவில் வந்த ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். வேறு பெயர், வேறு எண். ஆனால் அதே அரங்கப் படம், இடது ஓரத்தில் அதே வெட்டுப்பட்ட விளக்குக் கம்பம், அதே ‘முகவர்களுக்கான ஒதுக்கீடு’. வரும் டிசம்பருக்கு ஆளுக்கு 110 டாலராம். பணம் அனுப்பியவர்கள் இருந்தால் இன்றே உங்கள் வங்கியை அழையுங்கள். உணவக முன்பதிவு கையில் வைத்திருப்பவர்கள் யார் சொன்னாலும் அதை ரத்து செய்யாதீர்கள்.