மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கு ஊரில் என்ன இருக்கிறது? தென்காசிப் பக்கம் அலைந்து பார்த்தது

என் தம்பிக்கு முப்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. தென்காசியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறான். நான் கனடாவில், மிசிசாகாவில் இருக்கிறேன். இவனைப் போன்ற பெரியவர்கள் சில பேர் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் பராமரிப்பு வேலை. அம்மா அங்கே தம்பிக்குச் செய்வதையெல்லாம் நான் இங்கே வேறு யாருடைய தம்பிக்கோ சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன் என்பது எப்போதும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால் இந்தத் தடவை ஊருக்குப் போனபோது கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் வீட்டுக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, தம்பி விஷயமாக மட்டும் அலைந்தேன். இதே நிலையில் வெளிநாட்டில் இருக்கிற அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அரசு தருவது. குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஊரை விட்டுக் கிளம்பிய காலத்துக்கும் இப்போதைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பக்கத்திலேயே வந்துவிட்டது, முன்பெல்லாம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயாக இருந்ததை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ஆக்கினார்கள். தம்பிக்கு அது வருகிறது. டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இலவசம், வெளியூர் பஸ்ஸில் கால்வாசிக் கட்டணம். மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் உண்டு. எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள், நிராமயா என்ற பெயரையே அவள் அம்மா கேள்விப்பட்டதில்லை. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, இனி கஷ்டமான பகுதி. பதினெட்டு வயது முடிந்துவிட்டால், பிள்ளைக்கு என்ன குறைபாடு இருந்தாலும், பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். இது தெரியாமலேயே எங்கள் வீட்டில் இத்தனை வருடம் ஓடிவிட்டது. தம்பி பெயரில் கணக்கு தொடங்க ஒரு வங்கிக்குப் போனால், அங்கே இருந்தவருக்கும் தெரியவில்லை. "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்கம்மா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளூர்க் குழு தருகிற சான்றிதழே போதும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை, அதே வங்கியின் பெரிய கிளையில் கேட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாவலராக நியமிக்கப்படுகிறவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் கனடாக் குடியுரிமை வாங்கியவள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் என் தம்பிக்கு நான் பாதுகாவலர் ஆக முடியாது. அம்மாவுக்குப் பிறகு நான் இருக்கிறேன் என்று மனதுக்குள் வைத்திருந்த கணக்கு அந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சரிந்துவிட்டது. அப்புறம் சித்தி மகனிடம் பேசினோம். அவன் ஊரிலேயே இருக்கிறவன், தம்பியோடு சின்ன வயதிலிருந்து பழக்கம், "இதுக்கு ஏங்க்கா இவ்வளவு யோசிக்கிய" என்று உடனே சம்மதித்தான். பாதுகாவலர் ஆகிறவருக்குக் கடமைகளும் உண்டு. நியமனம் ஆகி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். இதையெல்லாம் அவனிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட்டோம்.

அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த ஓய்வூதியம் ஆயுள் முழுக்கத் தொடர வழி இருக்கிறது, ஆனால் பெற்றோர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பெயரைப் பதிந்து வைப்பதுதான் நல்லது. அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பென்ஷன் புத்தகம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, வலிப்பு மாத்திரை எந்த மருந்துக்கடையில் வாங்குவது என்று ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற அமர் சேவா சங்கத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனவர். தனக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரில் 1981இல் இதைத் தொடங்கினார், 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உள்ளே போனால் சக்கர நாற்காலி போகாத இடமே இல்லை என்று சொல்லலாம். சிறப்புப் பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதில் இவர்கள் செய்திருப்பது பெரிய காரியம். தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கிராமத்துக்கு இப்படி யாராவது வந்திருந்தால் அவன் பேச்சு இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பொதிகை ரயிலில் ஏறிச் சென்னைக்கும் போனேன். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீடு, சிகிச்சை, தொழிற்பயிற்சி, சிறப்பு ஆசிரியர் படிப்பு எல்லாம் உண்டு. மெரினா எதிரே காமராஜர் சாலையில் 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தமிழக அரசும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான வித்யா சாகரும் சேர்ந்து நடத்துவது. ஒரு கையால் காய் நறுக்குவது, குளியலறையில் பிடித்து நிற்பது என்று அன்றாடத்துக்கான உதவிப் பொருட்களைத் தொட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு கஃபேயும் உண்டு, அதில் வேலை செய்கிறவர்களும் மாற்றுத்திறனாளிகள். எனக்குக் காபி கொண்டு வந்த பெண், நான் சர்க்கரை கேட்டதும் ஒரு நொடி யோசித்து, போய் எடுத்து வந்து வைத்துவிட்டு, "வேற?" என்றாள். அந்த ஒரு நொடியை அவளுக்குக் கொடுக்கத் தெரிந்த முதலாளி இருந்தால் போதும். உலக வங்கிக் கடனுதவியில் தமிழக அரசு நடத்துகிற 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் வந்துகொண்டிருக்கின்றன, சோழிங்கநல்லூரில் உள்ளதைப் போல. பல இடத்துக்கு அலைந்து செய்த சிகிச்சைகள் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது தாய்மார்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பயிற்சி கொடுக்க இடம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. ஆனால் பயிற்சி முடித்தவனை ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ கூட்டிப்போய், முதல் சில வாரம் பக்கத்திலேயே நின்று, வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து, முதலாளிக்கும் தைரியம் சொல்லி, பிறகு மெல்ல விலகிக்கொள்கிற ஆள் இல்லை. கனடாவில் இதற்கு ஜாப் கோச் என்று சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கி, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாட்டுக்கு இடமே இல்லை என்பதால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தேர்வு எழுதி உள்ளே போகிற வேலையில் என் தம்பி எப்படிப் போவான்? அவனுக்கு வேண்டியது தேர்வு மையம் இல்லை, கூட நிற்கிற ஒரு ஆள்.

கனடா சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் தம்பியைப் போன்றவர்களை ஊருக்கு வெளியே பெரிய நிறுவனங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரிலியாவில் 1876இல் தொடங்கிய ஒன்று உட்பட, கடைசி மூன்றை மூடியது 2009இல்தான். அங்கே நடந்த கொடுமைகளுக்காக மாகாண முதல்வர் 2013இல் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். இன்றும் ஒரு குழு வீட்டில் இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எல்லா வசதியும் உண்டு, ஆனால் தெருவில் இறங்கினால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இல்லை. தம்பி தெருவில் இறங்கினால் டீக்கடை வரைக்கும் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அதனால் அவனை அங்கிருந்து பெயர்த்து எங்கேயாவது விடுதியில் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. அவன் ஊரிலேயே அவனுக்கு வேலை வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் தம்பி பல வருடமாகப் போய் உட்கார்ந்திருப்பான். சின்ன வெங்காயம் புடைப்பான், சாக்கு மடிப்பான். மத்தியானச் சாப்பாடும் கையில் கொஞ்சம் காசும் கிடைக்கும். அண்ணாச்சி நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மற்றப் பையன்களுக்குச் சம்பளம், இவனுக்கு மட்டும் கைச்செலவு என்பதை நான் பேசாமல் விட மாட்டேன் என்று அவரிடமே போய்ச் சொன்னேன். "அவனுக்கு எடை போட வராதேம்மா" என்றார். அரைக்கிலோ பாக்கெட்டுக்கு ஒரு டப்பாவில் கோடு போட்டுக் காட்டினேன், கோடு வரை அள்ளி, கவரில் கொட்டி, ஒட்ட வேண்டும். மூன்றாவது பாக்கெட்டிலேயே தம்பிக்குப் பிடிபட்டுவிட்டது, அண்ணாச்சி தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஓய்வுபெற்ற சிறப்பு ஆசிரியை ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். காலையில் கடைக்கு வந்து தம்பி பக்கத்தில் நிற்க அவருக்கு மாதம் ஒரு தொகை நான் அனுப்புகிறேன். பாக்கெட் போடுவது சரியாக வந்துவிட்டது, இப்போது கடைச் சாமான்களைத் தேதி பார்த்து அடுக்கப் பழக்குகிறார். சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன், அவரும் சரி என்றிருக்கிறார். கணக்கு தொடங்கப் பாதுகாவலர் சான்றிதழ் வர வேண்டும். சித்தி மகன் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டான், உள்ளூர்க் குழு அடுத்து எப்போது கூடும் என்று வாரா வாரம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான்.