பைதன் இம்போர்ட் பிழை: நான்கு தீர்வுகளில் எது நிற்கும்?

"உவர்மலையில என்ர லப்டொப்பில ஓடுது அண்ணா, சேர்வரில மட்டும் மொடியூல் நொட் ஃபவுண்ட் எண்டு வருது." நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு அறைப்பதிவுத் தளம் செய்துகொடுக்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் சிக்கல் இது.

வேறொரு கோப்பையோ நூலகத்தையோ உள்ளே எடுக்கும் வரிதான் இம்போர்ட். பெயர் தெரியவில்லை என்று சொல்லும் நேம் எரர் என்றால் கவலை குறைவு. எழுத்துப்பிழை, அல்லது இம்போர்ட் வரி விடுபட்டிருக்கும். பைதன் 3.10 முதல் பிழைச்செய்தியே நெருங்கிய பெயரைக் காட்டித் தருகிறது.

இம்போர்ட் செய்யும் கோப்போ நூலகமோ கிடைக்கவில்லை என்னும் மொடியூல் நொட் ஃபவுண்ட் வேறு. வெளியிலிருந்து, நூலகங்களை நிறுவும் பிப் கருவி மூலம் போட்ட நூலகம் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் வேறொரு பைதனுக்குள் அதைப் போட்டிருக்கிறீர்கள். 'பைதன் -எம் பிப்' என்று கொடுத்தால் ஓடுகிற பைதனுக்கே போய்ச் சேரும். உங்கள் சொந்த ஃபோல்டரே கிடைக்காவிட்டால்தான் தலையிடி. ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டும்போது, பைதன் தேடும் ஃபோல்டர்களின் சிஸ்.பாத் பட்டியலில் முதலில் வருவது அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர். நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அல்ல. 'விடுதி' ஃபோல்டருக்குள் கிடக்கும் கோப்பை நேரே ஓட்டினால், அது 'விடுதி' என்ற பக்கேஜை (கோப்புகள் அடங்கிய ஃபோல்டரை) எங்கே போய்த் தேடும்?

இதற்குப் பலர் முதலில் செய்வது, கோப்பின் தலையில், அந்தப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்கும் சிஸ்.பாத் அப்பெண்ட் வரி எழுதுவது. உடனே வேலை செய்யும். ஆனால் கோப்புக்குக் கோப்பு அதே வரி பரவும். லப்டொப்பின் ஃபோல்டர் பாதையை அப்படியே எழுதியிருந்தால் சேர்வரில் விழுந்துவிடும். நான் இதை ஏற்பதில்லை.

தேட வேண்டிய ஃபோல்டர்களை வெளியிலிருந்து சொல்லும் பைதன்பாத் சூழல் மாறி நிரலைத் தொடாது, அது நல்லது. விண்டோஸில் பாதைகளுக்கு நடுவே அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. அதைவிடப் பெரிய தொல்லை: டேர்மினலில் வைத்த மாறி, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தொடக்கும் சேவைக்குத் தெரியாது. மேலே அந்தத் தம்பி சொன்னது போன்ற முறைப்பாடுகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

'பைதன் -எம் விடுதி.மெயின்' என்று புரொஜெக்டின் மேல் ஃபோல்டரில் நின்று ஓட்டினால், நிற்கும் ஃபோல்டரே பட்டியலில் முதலில் வரும். ஃபோல்டருக்குள் புள்ளி வைத்து எழுதும் ரிலேட்டிவ் இம்போர்ட்டும் வேலை செய்யும். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. சின்னத் தளத்துக்கு என் தெரிவு இதுவே.

டெஸ்ட், சேர்வர், இன்னொருவரின் லப்டொப் என்று வந்துவிட்டால் உங்கள் புரொஜெக்டையே நூலகம் போல நிறுவும் 'பிப் இன்ஸ்டால் -ஈ .' செய்யுங்கள். புரொஜெக்டின் விபரம் சொல்லும் பைபுரொஜெக்ட்.டொமல் கோப்பு ஒன்று எழுத வேண்டும். புதிய வேர்ச்சுவல் என்விரொன்மென்ட் (ஒரு புரொஜெக்டுக்கென்று தனியான பைதன் சூழல்) உருவாக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டும். அவ்வளவுதான் செலவு. அதன்பின் எந்த ஃபோல்டரில் நின்றாலும் கிடைக்கும், அந்த என்விரொன்மென்டின் பைதனால் ஓடும் சேவைக்கும் கிடைக்கும்.

இந்த நான்கும் தீர்க்காத ஒன்று உண்டு. பிழைச்செய்தியில் 'பார்ஷலி இனிஷியலைஸ்ட் மொடியூல்' என்றிருந்தால் பாதையைத் தொடாதீர்கள். அனேகமாக இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கின்றன. பைதனில் வலைத்தளம் செய்ய உதவும் ஃபிளாஸ்க்கில் பெரும்பாலும் அப் கோப்பும் மொடல்ஸ் கோப்பும். டேட்டாபேஸ் ஒப்ஜெக்டை மூன்றாவது கோப்பொன்றில் வைத்து, இரண்டும் அங்கிருந்து எடுக்கட்டும்.