ஏஜன்சியா, நேரடி வாய்ப்பா?

கோலாலம்பூரில் நடிக்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த ஏஜன்சியில் சேரலாம்?" என்பதுதான். நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் நிறுவனத்தைத்தான் ஏஜன்சி என்கிறோம். எதில் நடிக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

விளம்பரம் என்றால் ஏஜன்சி வேண்டும். விளம்பரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏஜன்சிகளிடம்தான் படங்களைக் கேட்கிறார்கள். தீபாவளிக்கு முன்பு இந்திய முகங்களுக்குக் கிராக்கி கூடும். மலாயும் ஆங்கிலமும் சரளமாக வந்தால் மற்ற மாதங்களிலும் அழைப்பு வரும். சம்பளத்தில் ஒரு பங்கை ஏஜன்சிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், அது நியாயம். ஆனால் "பதிவுக் கட்டணம் ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்), படமும் எங்களிடமே எடுக்க வேண்டும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை. படங்கள் அழகாக இருந்தன, அழைப்பு ஒன்றுகூட வரவில்லை.

தமிழ் நாடகம் என்றால் கதை வேறு. ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் அலைவரிசைகள், அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மின் இரண்டாம் அலைவரிசை ஆகியவற்றுக்குத் தயாரிக்கும் குழுக்கள் சிறியவை. இயக்குநருக்கே நேரடியாக எழுதலாம். செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் (கோலாலம்பூர் நிகழ்கலை மையம்) அரங்கில் மேடை நாடகம் பார்க்கப் போனால் பாதிப் பேர் அறிமுகமாகிவிடுவார்கள். இங்கே பங்கு கேட்க யாரும் இல்லை. சரி, சம்பளம் இழுத்தடித்தால் உங்களுக்காகப் பேசவும் யாரும் இல்லை! தொகையையும் தேதியையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதியவருக்கு நான் நேரடி வழியைத்தான் சொல்வேன். இரண்டு நாடகக் காட்சிகள் கையில் இருந்தால், அப்புறம் ஏஜன்சியில் உங்கள் காணொளியை வைத்தே பேசலாம். அங்கும், வேறு ஏஜன்சி மூலம் நடிக்கக் கூடாது என்கிற பிரத்தியேக ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மேல் போடாதீர்கள்.