ஊதிக் காட்டி விற்கும் கேஸ் டிடெக்டரை நம்பி ஆளை இறக்காதீர்கள்

அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, சாய ஆலை என்று எங்கே கேஸ் டிடெக்டர் (காற்றில் ஆபத்தான வாயு இருந்தால் கத்தி எச்சரிக்கும் கருவி) வாங்குவதாக இருந்தாலும், விற்பவர் அதில் வாயால் ஊதிக் காட்டினால் அதோடு திருப்திப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் ஆலையில் அப்படித்தான் 38,000 ரூபாய்க்கு ஒரு செத்த சென்சாரைத் தலையில் கட்டினார்கள்.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறேன். நெல் ஊறிய தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி பின்னால் இருக்கிறது. அடியில் சேறு தங்கிக் காற்றுப்படாமல் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம் என்பதால் அடியிலேயே கிடக்கும். சேற்றைக் கிளறினால் குபீரென்று கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் இறங்குவார். அவர் விழுந்ததும் தூக்கப் போகிறவரும் சேர்ந்து சாகிற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்!

குறுவை நெல் வருவதற்குள் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, இந்த மாதிரி குழிக்குள் ஆளை இறக்கும் முன் தகுதியுள்ளவர் சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குகிறவர் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பு வாரில் கயிறு கட்டியிருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும் என்றது. முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவரும் மறுக்காமல் டிடெக்டர் வாங்கச் சம்மதித்தார்.

திருச்சியிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்தார். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு என நான்கையும் காட்டும் கருவி. எல்லோர் முன்னாலும் அதில் நீளமாக ஊதினார். 20.9 சதவீதம் என்று நின்ற ஆக்சிஜன் மளமளவென்று இறங்கி, 19.5க்குக் கீழே போனதும் கத்தியது. அப்புறம் சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அழுத்திக் காட்டினார், அதற்கும் கத்தியது. “குடோன்ல நெல்லுக்கு மாத்திரை வைக்கிறீங்கள்ல சார், அந்த கேஸையும் பிடிக்கும்” என்றார். அது பச்சைப் பொய். பூச்சியைக் கொல்ல வைக்கும் அந்த மாத்திரையிலிருந்து வருவது பாஸ்பீன், அதற்குத் தனி சென்சார் வேண்டும்.

தொட்டி மூடியைத் திறந்து கருவியைக் கயிற்றில் இறக்கினோம். ஹைட்ரஜன் சல்ஃபைடு 0. “அண்ணே, நாத்தம் குடலைப் புடுங்குது, இது சைபர்ங்குதே” என்றார் எங்கள் பாய்லர் ஆள். வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு விற்பனையாளருக்குப் போன் போட்டேன். “மூக்கு ஒரு பிபிஎம்முக்கு ரொம்பக் கீழயே பிடிக்கும் சார். மீட்டர் சரியாத்தான் இருக்கு, தைரியமா இறக்குங்க” என்றார். முதல் பாதி உண்மைதான், அதனால்தான் அந்தப் பேச்சு ஆபத்தானது.

பெரிய ஆலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் நண்பர் சோதனை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தார். நான்கு வாயுவும் தெரிந்த அளவில் கலந்தது. அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 25 பிபிஎம். குழாயை மாட்டித் திறந்தார். ஆக்சிஜன் 18க்கு இறங்கியது. எரியும் வாயு ஏறியது. கார்பன் மோனாக்சைடு 100ஐ நெருங்கியது. கருவி கத்திக்கொண்டே இருந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டத்தில் மட்டும் 0, கடைசிவரை 0. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. 10 பிபிஎம்மிலேயே எச்சரிக்க வேண்டிய கருவி அது.

ஆக்சிஜன் சென்சார் செத்தால் எண் இறங்கும், சத்தம் வரும், தெரிந்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் செத்தால் 0 காட்டும், நல்ல காற்றிலும் அதே 0தான். ஊதினாலும் லைட்டரைக் காட்டினாலும் அது வெளிப்படாது. விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

பின்மூடியைக் கழற்றினோம். சென்சார்மேல் அச்சடித்திருந்த தேதி பல வருஷம் பழையது. சாதாரணமாக இரண்டு மூன்று வருஷம் உழைக்கும் பொருள். கூடவே தந்த காலிபரேஷன் (அளவு சரிபார்த்த) சான்றிதழில் போன மாதத் தேதி இருந்தது, ஆனால் அதில் இருந்த சீரியல் எண் வேறு ஏதோ கருவியுடையது. எந்த கேஸை வைத்துச் சோதித்தார்கள் என்ற இடம் காலி. கேட்டால், “வாரண்டி பாடிக்குத்தான் சார், சென்சாருக்குக் கிடையாது” என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சோதனை கேஸை வைத்து நான்கு எண்ணும் மாறுவதைக் கண்ணால் பாருங்கள். கொண்டுவர மறுத்தால் அந்த ஆளிடம் வாங்கவே வேண்டாம். சான்றிதழின் சீரியல் எண்ணைக் கருவியோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ் தந்த ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த வாரியத்தின் இணையதளத்திலேயே தேடலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சென்சார் தேதியை இன்றைக்கே பாருங்கள். தொட்டியில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும், ஏனென்றால் மீத்தேன் மேலே கிளம்பும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும்.

எங்கள் தொட்டியில் யாரும் இறங்கவில்லை. உறிஞ்சும் லாரி வைத்து வெளியிலிருந்தே சேற்றை எடுத்தோம். இப்போது ஆலையில் சொந்தமாகச் சோதனை சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறோம். மன்னார்குடி, வலங்கைமான், கூத்தாநல்லூர் பக்கம் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லிவிட்டுக் கருவியை எடுத்து வாருங்கள். சிலிண்டரின் காலாவதித் தேதி வரைக்கும் காசு வாங்காமல் சோதித்துத் தருகிறோம்.